பிள்ளைக்காம்பராவுக்கு வந்தவள்

பிரசவ நாள் நெருங்கியதும் என்னை மாமாவின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மாமா என்றால் என் கணவர் தனுஷனின் அப்பா, டொக்டர் யோகேஸ்வரன். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில், தேயிலைக்கு நடுவே ஐந்து மாடி உயர்ந்து நிற்கிறதே, அந்தத் தனியார் ஆஸ்பத்திரி அவர் கட்டியது. முதலாளி வீட்டு மருமகள் வருகிறாள் என்று வாசலிலேயே சக்கர நாற்காலி, குடை, பூங்கொத்து. எனக்குக் கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்!

கீழே வரவேற்பு மண்டபத்துச் சுவரில் ஆஸ்பத்திரியின் வரலாற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். ஹட்டன் டவுனில் ஒரு கடை அறையில் தொடங்கிய டிஸ்பென்சரி, பிறகு தோட்டத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிய இந்தக் கட்டடம், கொழும்புக் கம்பனி ஒன்று பாதிப் பங்கு வாங்கியது, இப்போது திறக்கப்போகிற தாய்-சேய்ப் பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே மாமாவின் படம். 'ஹட்டனின் பழைய வர்த்தகக் குடும்பத்தில் பிறந்தவர்' என்று அதன் கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. நான் ஹட்டனுக்குப் பக்கத்து வட்டவளைக்காரி. கலியாணம் பேசி வந்தபோது எங்கள் வீட்டார் மயங்கியதே அந்த வர்த்தகக் குடும்பத்தில்தான்.

மண்டபத்தோடு ஒட்டிப் புதிதாகக் கட்டிய அந்தப் பிரிவு இன்னும் திறக்கப்படவில்லை. ஆனாலும் வீட்டுப் பிள்ளையல்லவா, முதல் அறை எனக்குத்தான் என்று மாமா சொல்லிவிட்டார். இரண்டாவது மாடி. சுவரில் பெயின்ட் மணம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டுகிற தூரத்தில் தேயிலைச் சரிவு. அந்த மாடி முழுக்க நானும், ஷப்னா என்கிற நர்ஸும் மட்டும்தான்.

பையன் பிறந்தான். நல்லபடியாகத்தான் பிறந்தான்.

மறுநாள் காலை, பத்து மணி வாக்கில், மூடுபனி இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. பிரசவ அலுப்பில் நான் கண்ணயர்ந்திருந்தேன். ஒரு வாடை வந்து என்னை எழுப்பியது.

ஈரச் சாக்கின் வாடை.

தோட்டத்துப் பக்கம் வளர்ந்த எவளுக்கும் அது தெரியாமல் இருக்காது. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொள்வார்களே, படங்கு என்போம், அது மழையில் ஊறினால் இப்படித்தான் மணக்கும். கூடவே பச்சைக் கொழுந்தைக் கசக்கிய மணம். கொஞ்சம் வெற்றிலை. ஐந்து மாடி ஆஸ்பத்திரியில், ஏசி போட்ட அறையில், இது எங்கிருந்து வருகிறது? எழுந்து பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. தொட்டிலில் பிள்ளை விழித்துக்கொண்டு கிடந்தான்.

எடுத்து மார்பில் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயிறு கும்மென்று இருந்தது. கடைவாயில் வெள்ளையாக ஏதோ வழிந்திருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன்.

பால்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மணியை அடித்து ஷப்னாவைக் கூப்பிட்டேன்.

"மிஸ், யாரக் கேட்டு என் புள்ளைக்குப் போத்தல்ல மா பால் கரைச்சுக் குடுத்தீங்க?"

"அல்லாவே, நான் குடுக்கல்ல மெடம்!" அவள் மிரண்டுபோய் நின்றாள். "போத்தலே இந்த மாடியில இல்ல."

"அப்ப புள்ள வாயில இருக்கிறது என்ன, ஆகாயத்துல இருந்து விழுந்துச்சா?"

பாவம், வாய்க்கு வந்தபடி பேசினேன். கதவு வரை போனவள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மெடம், இப்ப உங்களப் பாக்க யாராவது வந்தாங்களா? வராந்தாவுல செருப்பில்லாம யாரோ நடந்து போன சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தா ஆளில்ல. தரை மட்டும் ஈரமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு தினமும் அதே நேரம். மூடுபனி, ஈரச் சாக்கு வாடை, வராந்தாவில் வெறுங்காலின் சப்தம். பிள்ளையை எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டாலும் எனக்குக் கண் சொருகிவிடும். விழித்தால் பிள்ளை வயிறு நிறைந்து கிடப்பான். எனக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்து, பிறகு மெல்ல வற்றத் தொடங்கியது. பெற்ற பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே மறுத்தான். பத்து மணியானால் மட்டும் தலையைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருப்பான்.

இப்படியே போனால் இவன் என் பிள்ளையாக இருக்கமாட்டான் என்று பட்டது. வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதேன். காய்ச்சல் இறங்கட்டும் என்றார் தனுஷன். பிள்ளை பெற்றவளுக்கு மனது குழம்புவது சகஜம் என்று தலையைத் தடவினார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மாமா பேரனைப் பார்க்க வந்தார். கோட்டும் டையுமாக, சிரித்த முகத்தோடுதான் வந்தார். தனுஷனும் கூட இருந்தார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஜன்னல் வெளுத்தது.

வாடை வந்தது.

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மூக்கை உறிஞ்சினார். வராந்தாவில் வெறுங்கால் சப்தம் நெருங்கி வந்து, எங்கள் கதவுக்கு வெளியே நின்றது.

"வந்துட்டாங்க," என்றார் மாமா. யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொன்னார்.

தனுஷன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வெளியே பனி. தரையில் ஈரம்.

"யாருப்பா?" என்று கேட்டார். மாமா என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எப்போதும் புத்தகம் போலப் பேசுகிற மனிதர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பேச்சை அவர் வாயில் அன்றுதான் கேட்டேன்.

"இந்த எடத்துல முன்னுக்கு என்ன இருந்துச்சு தெரியுமாடா? பிள்ளைக்காம்பரா."

எனக்குத் தெரியும். கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற தகரக் கூரை அறை. பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி வந்து, படங்கைக்கூட அவிழ்க்காமல் பால் கொடுத்துவிட்டு, திரும்பவும் ஓடுவார்கள்.

"நானும் அங்க கெடந்தவன்தான். எங்கம்மாவுக்கு எப்பவும் தூரத்து மலைதான் குடுப்பாங்க, எறங்கி வர முடியாது. யாரு புள்ள அழுதாலும் எறங்கி வந்தவ எடுத்துப் பால் குடுக்கிறது அங்க வழக்கம். எனக்குக் குடுத்தது சண்முகவடிவு. தன் புள்ளைக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். நடக்கிற வரைக்கும் அவங்க பால்தான்."

"அப்ப ஹட்டன் வர்த்தகக் குடும்பம்?" என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன், பாருங்கள்!

மாமா தலை நிமிரவில்லை. "அதெல்லாம் கொழும்புக்காரங்களுக்காகப் போட்டது. என் ஆபீஸ் ஜன்னலத் தெறந்தா இந்தத் தகரக் கூரை தெரியும். வர்றவங்க அது என்னன்னு கேப்பாங்க. அதான் இத இடிச்சு இங்கயே புது வார்டைக் கட்டுன்னு நாந்தான் சொன்னேன்."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போன மழைக்காலத்தில் கொழும்புப் பங்காளிகள் வந்திருந்த ஒரு நாள், மண்டபத்தில் அவர்களோடு மாமா நின்றுகொண்டிருந்தாராம். கிழவியாகிவிட்ட சண்முகவடிவு தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி, முன்வாசலால் உள்ளே வந்தாளாம். பளிங்குத் தரையெல்லாம் சேற்றுக்கால். மாமாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, "ஏ யோகு!" என்று கூப்பிட்டாளாம். யார் இந்த அம்மா என்று பங்காளி ஒருவர் கேட்டார்.

"தெரியாதுன்னுட்டேன். பின் கேட்டுக்குக் கொண்டுபோய் ஒக்கார வைன்னு வாச்சர்கிட்ட சிங்களத்துல சொன்னேன். அவங்க என்னயக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. பொறகு..." மாமா டையை இழுத்துத் தளர்த்தினார். "பொறகு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, 'ஆமாங்க தொரை, ஆள் தெரியாமக் கூப்புட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க'ன்னு கும்புட்டாங்க. என் மானத்தக் காப்பாத்திக் குடுத்துட்டுப் போனாங்கடா. பின் கேட்டு மர வாங்குல ஒக்காந்தபடியே உசுரு போயிருச்சு. எழவுக்குக்கூட நான் போகல."

தொட்டிலில் சப்புக்கொட்டுகிற சப்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

செத்தவர்களுக்கு மனக்குறை இருந்தால் படையல் போட்டுக் கும்பிடுவது எங்கள் வழக்கம். சண்முகவடிவின் மகன் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டான், லயத்துக் காம்பரா பூட்டிக் கிடந்தது. ஆகவே ஆஸ்பத்திரியிலேயே போடுவோம் என்று தனுஷன் சொன்னார். "முன்வாசல்லயே போடுவோம்பா. அங்க வந்து நின்னவங்கதானே."

வேண்டாம் என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை, நான்தான். மறுநாள் விழா, வாசலில் கார்பெட் விரித்தாயிற்று, கமரா வருகிறது, கருவாடும் சுருட்டும் வைத்துப் படைத்தால் ஊர் சிரிக்காதா? "பின் கேட்டுப் பக்கம் போட்டுக் கும்புட்டாப் போதாதா மாமா?" என்றேன். மாமா உடனே தலையாட்டினார். அவருக்கு அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை நான் பிள்ளையை ஷப்னாவிடம் விட்டுவிட்டு மெல்லக் கீழே இறங்கினேன். பின் கேட்டில், அழுக்குத் துணி மூட்டைகள் ஏற்றுகிற இடத்தில், அந்த வாங்குக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டோம். சோறு, கருவாட்டுக் குழம்பு, ரொட்டி, பால் விடாத சாயத் தண்ணி, வெற்றிலை, சுருட்டு, ஒரு புதுச் சேலை. மாமா கற்பூரத்தைப் பற்ற வைத்தார். தூறலில் அணைந்தது. திரும்பப் பற்ற வைத்தார். அதுவும் அணைந்தது. அவசர அவசரமாகக் கும்பிட்டோம். முன்பக்கம் கார்கள் வந்து நிற்கிற சப்தம் கேட்கவும் மாமா டையைச் சரிசெய்துகொண்டார்.

மூடுபனி இறங்கியது. வாடை வரவில்லை. ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது.

மேலேயிருந்து ஷப்னா அலறினாள்.

படியேறியது எப்படி என்று எனக்குத் தெரியாது. தையல் பிரிந்ததுகூடத் தெரியவில்லை. அறைக்கு வெளியே ஷப்னா கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். "தெறக்குதில்ல மெடம்! ஒரு நிமிஷம்தான் வெளிய வந்தேன்!"

கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அறைக்குள் பனி.

தரையில் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைப் பாதி காட்டித்தான் இருந்தாள். கிழவியின் முதுகில்லை அது, நிமிர்ந்த இளம் முதுகு. இடுப்பில் சுற்றிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டி, புதுத் தரையெல்லாம் ஓடியது. மடியில் என் பிள்ளை.

அவள் உடம்பை மெல்ல ஆட்டியபடி ஏதோ முனகினாள். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடிந்தும் அவள் விடவில்லை. வாய் நிறைந்து வழிந்தது. மூக்கால் வழிந்தது. கை கால் உதறியது. முகம் நீலம் பாரித்தது. அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா! என் புள்ளம்மா! விட்டுருங்க!"

அவள் முகத்தைக் கொஞ்சம் திருப்பினாள். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. பசியோடு கிடந்த பிள்ளையைத் தேடி ஓடி வந்த ஒரு தாயின் முகம்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கண்ணுக்கு அது என் பிள்ளையில்லை. அது யோகு.

மாமா எனக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றார். அவர் கோட்டைப் பிடித்து உலுக்கினேன்.

"அவங்க தேடுறது உங்களத்தான் மாமா! போய்க் கூப்புடுங்க! பின்னால வெச்சது போதும், முன்வாசல்ல நின்னு கூப்புடுங்க!"

வராந்தாவின் கைப்பிடிக்கு மேலால் பார்த்தால் கீழே மண்டபம் முழுதும் தெரியும். குத்துவிளக்கு, பூமாலை, கொழும்புப் பங்காளிகள், கமரா. மாமா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாகப் பேரனைப் பார்த்தார். திரும்பவும் கீழே பார்த்தார்.

என் பிள்ளை மூச்சடைத்துச் சாகிறான், அந்த மனிதர் யோசித்தார்.

"போங்கப்பா!" என்று தனுஷன் கத்தினார். மாமா இறங்கி ஓடினார்.

கதவில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றேன். பிள்ளையின் கை உதறுவது நின்றுபோனது. அப்போது கீழேயிருந்து குரல் கேட்டது. மண்டபத்துப் பேச்செல்லாம் அடங்கிவிட்டது.

"அம்மா! சண்முகவடிவு அம்மா! நான்தாம்மா யோகு. தோட்டத்துக் கீழ்க்கணக்கு லயத்து யோகு. உங்க பால் குடிச்சவன். உங்களத் தெரியும்மா, எனக்கு நல்லாத் தெரியும். உள்ள வாங்கம்மா!"

கதவு தானாகத் திறந்தது.

பனி இல்லை. ஆளும் இல்லை. நனைந்த தரையில் பிள்ளை கிடந்தான். தூக்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். கட்டி கட்டியாகப் பால் வந்தது. பிறகு வீரிட்டு அழுதான். பசிக்கு அழுகிற அழுகை. பிறந்ததிலிருந்து அவன் அப்படி அழுததில்லை.

அவனை மார்போடு அணைத்தபடி கைப்பிடிக்கு வந்து கீழே பார்த்தேன். வாசலின் கண்ணாடிக் கதவுகள் விரியத் திறந்துகிடந்தன. சிவப்புக் கார்பெட்டில் ஈரமான வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, மாமாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

மாமா தரையில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். கோட்டும் டையுமாக, முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, எதன் மேலோ தலையை வைத்தார். அங்கே எதுவும் இல்லை, ஆனால் தலை தரையைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறந்தார். தொண்டை ஏறி இறங்கியது. கடைவாயால் வெள்ளையாக வழிந்து டையில் இறங்கியது.

யாரோ சிரித்தார்கள். எல்லாக் கைகளிலும் போன்.

சொல்லவே நாக் கூசுகிறது. அந்த நேரம் எனக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஐயோ, இத்தனை பேர் முன்னால் குடும்ப மானம் போயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன். என் பிள்ளை பிழைத்துவிட்டான் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரி இப்போது முழுவதும் கொழும்புக் கம்பனியுடையது. பெயரை மாற்றிவிட்டார்கள். சுவரிலிருந்த மாமாவின் படத்தையும் எடுத்துவிட்டார்களாம். நாங்கள் ஹட்டன் வீட்டில் இருக்கிறோம். பையன் போத்தல் பால் குடித்து நன்றாக வளர்கிறான். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.

மாமாதான் சாப்பிடுவதில்லை. முதலில் எல்லாம் தட்டைக் கொண்டுபோய் வைத்தால், "வயிறு நெறைஞ்சிருக்கும்மா" என்பார். மெலிவார் என்று பார்த்தால் கன்னம் உப்பி, தோல் மினுமினுத்து வந்தது. பிறகு நடப்பதை விட்டார். பிறகு பேச்சு போனது. பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வந்தவர்களிடம் பக்கவாதம் என்று சொல்லியிருக்கிறோம்.

நேற்றுக் காலை அவர் அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் பெண்கள் துணி காயப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மாமா என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

நான் அவரைத் தொடவில்லை. அவருடைய முதுகு மெத்தையை விட்டு மெல்ல எழும்பியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பெரிய உடம்பு கட்டிலுக்கு மேலே, ஒரு மார்பின் உயரத்தில், முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது.

நான் ஓடினேன். மாமாவிடம் இல்லை. ஜன்னலிடம் ஓடி, அவர்கள் பார்ப்பதற்குள் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.